புகையிலையை நிறுத்த வருபவருக்கு மருந்தும் துணையும் வேண்டும்: திருகோணமலைச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

திருக்கடலூரில் இருந்து எழுதுகிறேன். எங்களுடையது கடல்தொழில் செய்யும் குடும்பம். எங்கள் பக்கத்தில் புகையிலை நுழையாத வீடு ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஒரு வீட்டில் பீடி, அடுத்த வீட்டில் சிகரெட், அதற்கடுத்த வீட்டில் அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டம், ஒழுங்கை முனையில் நிற்கும் பொடியன்களின் கன்னத்துக்குள் மாவா என்ற மெல்லும் புகையிலைக் கலவை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எல்லாரும் என் சொந்தங்கள், அயலவர்கள். இவர்களில் பலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்: "விடோணும் எண்டுதான் நினைக்கிறன், ஏலாமக் கிடக்கு."

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் எப்படிக் கிளினிக் வைத்து, கொப்பி போட்டு, மாதா மாதம் கூப்பிட்டு மருந்து தருகிறீர்களோ, அதேபோலப் புகையிலையை நிறுத்த விரும்புபவருக்கும் ஒரு சிகிச்சை தாருங்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில், அவர் பேசும் மொழியில், மருந்தோடு, தொடர்ந்து தாருங்கள்.

மே 31, புகையிலை எதிர்ப்பு தினம் வந்தால் ஊர்வலம் போகிறது. எங்கள் பிள்ளைகளும் பதாகை பிடித்து நடக்கிறார்கள். அது நல்ல காரியம். சிகரெட் பெட்டியில் 80 சதவீதத்துக்குப் புண்ணையும் புற்றுநோயையும் படமாகப் போட வைத்தீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பாடசாலைகளைச் சுற்றியுள்ள கடைகளுக்குப் போய்ப் பார்க்கிறார்கள். புதிதாக ஒருவர் தொடங்காமல் இருக்க இவை எல்லாம் உதவும். ஆனால் இருபது வருஷமாகப் பழகிவிட்ட ஒருவர், அந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்கே நிறுத்துவோம் என்று முடிவெடுத்தால், நாளைக் காலையில் அவர் எந்தக் கதவைத் தட்டுவது? எங்கள் பக்கத்தில் நான் கேட்ட ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

என் அண்ணனின் கதையைச் சொல்கிறேன். அவர் கரைவலைக்குப் போகிறவர். வலை வளைத்துவிட்டு வந்து இழுக்கத் தொடங்கும் வரைக்கும் கரையில் ஒரு இடைவெளி கிடைக்கும். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் வீட்டுத் தேத்தண்ணிக் கேத்திலோடு பீடிக் கட்டும் வெற்றிலையும் வந்து சேரும். பதினாறு பதினேழு வயதில் கயிறு பிடிக்கப் போன பொடியனுக்கு அந்த இடைவெளியில்தான் பீடி பழகியது. நாற்பதைத் தாண்டியபோது இருமல் தொடங்கியது. இரவில் படுக்க முடியாத இருமல். ஒரு அரச ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்த ஆஸ்பத்திரி, எந்த டொக்டர் என்பது இங்கே தேவையில்லை. டொக்டர் நல்ல மனுசன், நெஞ்சில் குழாய் வைத்து வடிவாகப் பார்த்திருக்கிறார். "பீடியை விட்டாத்தான் இது சுகமாகும்" என்றிருக்கிறார். அண்ணன் கேட்டிருக்கிறார், "எப்பிடி டொக்டர் விடுறது?" பின்னால் வரிசையில் இன்னும் எழுபது எண்பது பேர் நிற்கிறார்கள். "மனசு வைச்சா விடலாம்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அண்ணன் இருமல் குளிசையோடு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதே ஒன்றைப் பற்ற வைத்துவிட்டார். அதை அவரே வந்து சொல்லி, தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

மனசு வைக்காத ஆள் இல்லை என் அண்ணன். ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் முழுக்கப் பீடியைத் தொடமாட்டார். வெறுங்காலோடு நடப்பார், மச்சம் சாப்பிடமாட்டார், வாயில் ஒரு கெட்ட சொல் வராது. திருக்கடலூரில் மட்டும் இப்படி எத்தனையோ பேர். கிண்ணியாவில் என்னோடு படித்த சிநேகிதியின் வாப்பா றமழான் முழுக்க, சஹர் முடிந்ததிலிருந்து நோன்பு திறக்கும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவர், அந்த மாதம் இரவிலும் சிகரெட்டைத் தொடாதவர். இவர்களுக்கு மன உறுதி இல்லை என்று யாராலும் சொல்ல முடியுமா? ஆனால் மாலையைக் கழற்றி மறுபடி தொழில் தொடங்கிய கிழமையே அண்ணன் பழையபடி கரைக்குப் போய் இருந்தார், கேத்தில் வந்தது, பீடிக் கட்டு வந்தது. பெருநாள் இரவிலேயே வாப்பா கடை வாசலில் நின்றார்.

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். புகையிலையில் இருக்கிற, ஆளை அடிமையாக்கும் பொருளான நிக்கோட்டின், புகையில் இழுத்து இருபது செக்கனுக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு சின்ன சந்தோசத்தைக் கொடுக்கிறது, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிறது, மறுபடி கேட்கிறது. ஒரு நாளைக்கு இருபது தரம் என்று வருஷக் கணக்கில் இப்படிப் பழகிய மூளை, திடீரென்று நிறுத்தும்போது சும்மா இருக்காது. கோபம் வரும், நித்திரை வராது, ஒன்றிலும் மனம் நிற்காது, சாப்பிட்டுக்கொண்டே இருக்கத் தோன்றும், காரணமில்லாமல் மனம் சோர்ந்து போகும். முதல் மூன்று நாளில் இது உச்சத்துக்குப் போகும். பிறகு இரண்டு, மூன்று, நாலு கிழமைக்குள் மெல்ல அடங்கும். ஆக, விரதம் முடிகிற நேரம் உடம்பின் கேள்வி பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. மிச்சம் நிற்பது பழக்கத்தின் இடமும் நேரமும்தான். தேத்தண்ணி, கரை, கூட்டாளிகள், சாப்பிட்டு முடிந்த கை. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று, "அண்ணை, மாலையைக் கழட்டியாச்சு, இனித் தொடாம இருக்கிறதுக்கு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டால் எவ்வளவு பேர் தப்பியிருப்பார்கள்! கோவிலும் பள்ளிவாசலும் பாதி வேலையைச் செய்து முடித்துத் தந்திருக்கின்றன. மீதியைச் செய்வதற்கு ஆள் அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எந்த உதவியும் இல்லாமல் தானாக நிறுத்துபவர்களில் ஆறு மாதம், ஒரு வருஷம் தாண்டியும் தொடாமல் இருப்பவர்கள் 100 பேருக்கு 3 முதல் 5 பேர்தான். இது வெளிநாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். நீங்கள் படித்தவர்கள், என்னைவிட நன்றாகத் தெரியும். அதே ஆய்வுகள்தான் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டியோ நிக்கோட்டின் சுவிங்கமோ கொடுத்தால் அந்த வாய்ப்பு ஒன்றரை மடங்காகவும் அதற்கு மேலும் கூடுகிறது என்றும், ஒட்டுப்பட்டியையும் சுவிங்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் கூடுகிறது என்றும், வரெனிக்லைன் குளிசை அவற்றில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது என்றும் சொல்கின்றன. மருந்தோடு சேர்த்து ஆள் வைத்துப் பேசினால் பலன் இன்னும் அதிகம். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோட்டின் சுவிங்கத்தையும் ஒட்டுப்பட்டியையும் 2009இல் சேர்த்தது, வரெனிக்லைனையும் புப்ரோபியோன் என்ற இன்னொரு குளிசையையும் 2021இல் சேர்த்தது. பெரியவர்கள் புகையிலையை நிறுத்துவதற்கான சிகிச்சை வழிகாட்டியை 2024 ஜூலையில் வெளியிட்டது. அதில் சிட்டிசின் என்ற மருந்தும் இருக்கிறது. செடியிலிருந்து எடுப்பது, கிழக்கு ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாகப் பாவிப்பது, விலையும் குறைவு. மென்று பழகியவர்களுக்கும் அந்த வழிகாட்டி மருந்து சொல்லியிருக்கிறது.

மருந்து இருந்தால் மட்டும் போதாது என்பதையும் வீட்டில் பார்த்துவிட்டேன். அண்ணனுக்கு நிக்கோட்டின் சுவிங்கம் எடுக்க டவுனில் ஒவ்வொரு பார்மசியாகக் கேட்டோம், கிடைக்கவில்லை. கொழும்பில் வேலை செய்யும் தம்பியைக் கொண்டு எடுப்பித்தோம். விலையைப் பார்த்து அண்ணிக்கு முகம் வாடிவிட்டது. பெட்டிக்குள் இருந்த கடதாசியை எங்களில் யாருக்கும் வாசித்து விளங்கவில்லை. அண்ணன் வெற்றிலை மெல்கிற மாதிரி அதை மென்று தள்ளினார். தொண்டை எரிந்தது, விக்கல் வந்தது, வயிற்றைப் பிரட்டியது. "இந்தச் சனியனுக்குப் பீடியே மேல்" என்று பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டார்.

எங்களுக்கு ஒரு மச்சாள் இருக்கிறாள், வேறு மாவட்டத்தில் தாதி. அவளுக்குப் போன் எடுத்தோம். அவள் கேட்ட முதல் கேள்வி, "அத்தான் காலமை எழும்பி எவ்வளவு நேரத்தில முதல் பீடி பத்துறவர்?" கண் முழித்த கையோடு, முகம் கழுவ முன்னம் என்றோம். அப்படியென்றால் பிடி இறுக்கம், 2 மில்லிகிராம் காணாது, 4 மில்லிகிராம் வேண்டும் என்றாள். பிறகு மெல்லும் முறையைச் சொல்லிக் கொடுத்தாள். கொஞ்சம் மெல்ல வேண்டும், மிளகு கடித்த மாதிரி நாக்கில் சுள்ளென்று வரும், உடனே நிறுத்திக் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்தச் சுள் போனதும் மறுபடி கொஞ்சம் மெல்ல வேண்டும். இப்படி அரைமணி நேரம். எச்சிலை மடக்கு மடக்காக விழுங்கக்கூடாது, வாயின் தோல் வழியாகத்தான் மருந்து ஏற வேண்டும். மெல்லுவதற்குக் கால்மணி நேரம் முன்னம் கோப்பி, சோடா குடிக்கக்கூடாது, குடித்தால் மருந்து ஏறாது. அண்ணன் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு மச்சாள் முதல் கிழமை ஒவ்வொரு நாளும் இரவு எடுத்தாள். நித்திரை வந்ததா, யாரோடு சண்டை பிடித்தீர்கள், இன்றைக்குக் கேத்தில் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். ஒரு நாள் அண்ணன் இரண்டு பீடி குடித்துவிட்டு, போனை எடுக்க வெட்கப்பட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவள் அண்ணியிடம் சொன்னாள், "குடிச்சா என்ன, அதால எல்லாம் முடிஞ்சு போச்சே? நாளைக்குத் திருப்பித் தொடங்கட்டும், சுவிங்கத்தை மட்டும் விடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ." இந்த ஒரு வார்த்தைதான் அவரைத் தூக்கி நிறுத்தியது என்று இன்றைக்கும் சொல்கிறார். இப்போது அவர் பீடி குடிப்பதில்லை. கயிறு இழுக்கிறார், இரவில் படுத்து உறங்குகிறார்.

ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு தாதி மச்சாள் இருக்கமாட்டாளே. கொழும்பில் தம்பியும் இருக்கமாட்டான். பள்ளத்தோட்டத்தில், சல்லியில், இறக்கக்கண்டியில், மூதூரில், வெருகலில் இருக்கிற ஆளுக்கு அந்த மச்சாளாக நிற்க வேண்டியது உங்கள் ஆஸ்பத்திரிதான்.

வெற்றிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்கள் அதைப் புகையிலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இரவுக் கடலில் காற்றுக்கு நெருப்புக்குச்சி நிற்காது, கையும் ஈரம். அதனால் படகில் வெற்றிலை போடுவார்கள், நித்திரை வராமல் இருக்க, குளிருக்கு. கரை ஏறியதும் பீடி. ஒரே ஆள் இரண்டும். ஆஸ்பத்திரியில் "புகைப்பீங்களா?" என்று கேட்டால் வெற்றிலை மட்டும் போடுகிறவர் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் பொய் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். எங்கள் வீட்டுக் கிழவிகளிடம் யாரும் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்பதில்லை. பல்லுக்கொதிக்கு என்று ஒரு துண்டு புகையிலையைப் பல்லிடுக்கில் வைக்கத் தொடங்கி, நாற்பது வருஷம் கழித்தும் அதை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார்கள்.

என் மாமா, அதாவது கணவரின் தகப்பன், வாய் திறக்க முடியாமல் போனவர். முதலில் காரம் சாப்பிட முடியவில்லை, எரிந்தது. பிறகு கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, பட்டி கட்டியது போல இறுகியது. கடைசியில் சோற்றுக் கவளம் வைக்க வாய் திறக்காமல், கஞ்சியைக் கரண்டியால் விட்டோம். பாக்கு மெல்வதால் வரும் இறுக்கம் அது. அந்த இறுக்கம் புற்றுநோயாக மாறக்கூடியது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய்தான் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறிய எங்கள் ஊர்க்காரர் யாரோடும் பேசிப் பாருங்கள், வெற்றிலை போடாதவர் குறைவு. புகையிலையை மட்டும் எடுத்துவிட்டு வெற்றிலை பாக்கைத் தொடர்ந்தால் பரவாயில்லை என்று ஒரு எண்ணம் ஊரில் உறுதியாக இருக்கிறது. பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இலேயே சொல்லிவிட்டது. இதை ஒரு குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுத் திண்ணையில் இருந்து சொன்னால் கிழவிகள் கேட்பார்கள். பதாகையில் எழுதி வைத்தால் கேட்கமாட்டார்கள்.

மாவா, பாபுல் போன்ற மெல்லும் புகையிலைகள் 2016இலேயே தடை செய்யப்பட்டவை. இருந்தும் பொடியன்களின் கைக்கு வருகின்றன. பிடியுங்கள், வழக்குப் போடுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் பிடிபட்ட கடைக்காரனுக்கு நீதிமன்றம் இருக்கிறது, அதற்கு அடிமையாகிப்போன பதினெட்டு வயதுப் பொடியனுக்கு என்ன இருக்கிறது? அவனை வீட்டில் அடிக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் ஏசுகிறார்கள். அவனுக்கும் உடம்பு கேட்கிறது, அவனுக்கும் நித்திரை வராது. அவனையும் ஒரு நோயாளியாகப் பார்த்து உட்கார வைத்துப் பேச ஒரு இடம் வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? புதிதாகக் கட்டடம் கட்டச் சொல்லவில்லை. ஆட்கள் ஏற்கனவே வருகிற இடங்களிலேயே தொடங்கலாம். ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் உயரம், நிறை, பிரஷர், சீனி எல்லாம் பார்க்கிறார்கள். அங்கே "புகையிலை எந்த வடிவத்திலாவது பாவிக்கிறீங்களா, வெற்றிலையோடும் சேர்த்து?" என்று கேட்டு, வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்து, ஆம் என்றால் அதே இடத்தில் அடுத்த கதிரைக்கு அனுப்புங்கள். அந்தக் கதிரையில் இதற்கென்று பயிற்சி பெற்ற ஒரு தாதியோ வைத்திய அதிகாரியோ இருக்கட்டும். டொக்டரின் நேரம் குறைவு என்று எங்களுக்கும் தெரியும். வரிசையில் நிற்கிறவர்கள் நாங்கள்தானே. அரை நிமிஷம் தொடக்கம் மூன்று நிமிஷம் வரையான அறிவுரைகூடப் பலன் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டொக்டர் அந்த அரை நிமிஷத்தில் "விடுங்கோ" என்று சொன்ன பிறகு, "பதினோராம் அறைக்குப் போங்கோ, அவ சொல்லித் தருவா" என்றும் சேர்த்துச் சொல்ல முடிந்தால் அண்ணன் அன்றைக்கே பஸ் நிலையத்தில் பற்ற வைத்திருக்கமாட்டார்.

மருந்து ஆஸ்பத்திரிப் பார்மசி யன்னலிலேயே கிடைக்க வேண்டும். ஒரு நாள் தொழில் இல்லாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டில், இரண்டு மூன்று மாதத்துக்குச் சுவிங்கம் காசுக்கு வாங்கு என்று சொல்வது, வாங்காதே என்று சொல்வதற்குச் சமம். சிகரெட்டுக்கும் பீடிக்கும் கொடுத்த காசை மருந்துக்குக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்தக் காசு ஒற்றை ஒற்றையாகப் போன காசு, ஒரு பெட்டி மருந்துக்கு மொத்தமாக அதை எடுக்க முடியாது. சிகரெட்டில் அரசாங்கத்துக்கு வரி வருகிறது. அந்த வரியைக் கட்டியவர்களே இப்போது சிகிச்சை கேட்கிறார்கள்.

தொழிலைப் பார்த்து மருந்து கொடுக்கவும் வேண்டும். நாள் முழுக்க உப்புத் தண்ணீரிலும் வியர்வையிலும் நிற்கிறவருக்குத் தோளில் ஒட்டும் பட்டி நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். சீனக்குடாவில் மா ஆலையிலோ சீமெந்து ஆலையிலோ மாறி மாறி நேர வேலை செய்கிறவருக்கு எந்த நேரம் புகைக்கத் தோன்றுகிறது என்று கேளுங்கள். தம்பலகாமத்தில் வயலுக்குள் நிற்கிறவருக்கும் ஓட்டோ ஓட்டுகிறவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. வலிப்பு வருத்தம் உள்ளவருக்குப் புப்ரோபியோன் கொடுக்கக்கூடாது, கர்ப்பிணிகளுக்குத் தனியாக யோசிக்க வேண்டும். இதெல்லாம் பார்மசியில் காசு கொடுத்து வாங்கி நாங்களாகச் செய்கிற வேலையில்லை என்பதால்தான் உங்களிடம் வருகிறோம்.

நேரமும் முக்கியம். காலை எட்டு மணிக் கிளினிக்குக்குக் கடல்தொழிலாளி வரமாட்டார், அந்த நேரம் அவர் மீன் பிரித்துக்கொண்டோ வலை பொத்திக்கொண்டோ இருப்பார். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கிழமைக்கு ஒரு நாள் வையுங்கள். அதைவிட நல்ல வழி, வாடைக் காலத்தைப் பிடியுங்கள். கார்த்திகை, மார்கழி, தை வரைக்கும் எங்கள் பக்கம் கடல் கொந்தளிப்பு, கரைவலை இல்லை, சின்னப் படகுகள் இறங்காது. ஆம்பிளைகள் வீட்டிலும் வாடியிலும் முடங்கிக் கிடந்து, காசில்லாத கவலையில் இன்னும் கூடப் புகைப்பார்கள். ஆனால் வருஷத்தில் அவர்களைப் பகலில் வீட்டில் பிடிக்கக்கூடிய மாதங்களும் அவைதான். கரையின் கேத்திலும் பீடிக் கட்டும் கண்ணுக்கு முன்னால் இல்லாத மாதங்கள். மூன்று மாதச் சிகிச்சைக்கு வாடை அளவெடுத்தது போலப் பொருந்தும். வாடை முடிந்து மறுபடி தொழிலுக்கு இறங்கும்போது ஆள் பழகியிருப்பார்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டால், நடந்திருக்கிறது என்பேன். திருகோணமலை ஒரு காலத்தில் மலேரியா ஊர். இரத்தம் எடுக்கவும் மருந்து அடிக்கவும் வீடு வீடாக வந்தவர்கள் உங்கள் ஆட்கள்தான். யுத்த காலத்திலும் அந்த வேலை நிற்கவில்லை. 2016 செப்டெம்பரில் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. காசநோய்க்காரருக்கு ஆறு மாதம், யாராவது ஒருவர் பார்த்திருக்க, குளிசை விழுங்க வைக்கும் முறை உங்களிடம் இருக்கிறது. வராத ஆளைத் தேடிப் போகிறீர்கள். புகைப்பவருக்குக் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால், அந்த மார்பு நோய்க் கிளினிக்கிலேயே பீடியை நிறுத்தும் சிகிச்சையும் தொடங்கலாம். தேடிப் போய்ப் பழகியவர்களிடம்தான் கேட்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயம் என்ற சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2003 நவம்பரில் ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் முதல் நாடு நாங்கள்தான். அந்தச் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை, புகையிலைக்கு அடிமையானவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. ஆகவே சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். நாடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கைத்தான் ஞாபகப்படுத்துகிறோம்.

இன்னொன்று. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கம் எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கிளினிக் கொப்பியின் பின்னட்டையில், மீன் வாடியில், ஐஸ் கடையில், பள்ளிவாசல் வாசலில், சலூனில் அதைத் தமிழில் பெரிதாக ஒட்டுங்கள். எடுத்தால் தமிழில் பேச ஆள் இருப்பதை உறுதி செய்யுங்கள். எங்கள் ஆட்கள் முதல் தரம் எடுக்கும்போதே மறுபக்கம் விளங்காவிட்டால் இரண்டாம் தரம் எடுக்கமாட்டார்கள்.

ஏசாமல் பேசுங்கள் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். மறுபடி குடித்துவிட்டு வருகிறவர்தான் அதிகம் வருவார். "போன மாசம் சொன்னேனே, கேட்டீங்களா?" என்று ஒரு கேள்வி விழுந்தால் அவர் பிறகு அந்தப் பக்கமே வரமாட்டார், இருமல் இரத்தமாக வரும் வரைக்கும் வரமாட்டார். நிறுத்தி ஒரு வருஷத்தில் மாரடைப்பு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிறது, பத்து வருஷத்தில் நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்து பாதியாகிறது. அறுபது வயதில் நிறுத்தினாலும் பிரயோசனம் இருக்கிறது. பயங்காட்டும் படங்களை எங்கள் ஆட்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். இந்த நல்ல செய்தியை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

எங்கள் மாதர் சங்கத்தில் இதைப் பேசிவிட்டோம். சங்கக் கட்டடத்தில் மேசை, கதிரை, மின்விசிறி, மறைவாகப் பேச ஒரு சின்ன அறை எல்லாம் இருக்கின்றன. திறப்பு எங்கள் கையில்தான். கிழமையில் ஒரு பின்னேரம் அதை உங்களுக்கு விட்டுத் தருகிறோம். வர விரும்புகிறவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பெயர் எழுதித் தருகிறோம், வராவிட்டால் போய்க் கூட்டி வருகிறோம். முதல் கிழமை இரவுகளில் போன் எடுத்து விசாரிக்கிற வேலையை, நீங்கள் பழக்கித் தந்தால், எங்கள் பிள்ளைகள் செய்வார்கள். மருந்தும் பயிற்சி பெற்ற ஒரு ஆளும் உங்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். வாடை தொடங்க முன்னம் ஒரு திகதி தாருங்கள். ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களின் பெயர்களிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
திருக்கடலூரிலிருந்து ஒரு மீனவக் குடும்பத்துப் பெண்